ஏரிக்கரையில் மட்டும் அறுபத்தைந்து

அல்பேட் அங்கிளுக்கு இரண்டு வயதுகள் இருந்தன. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் போனில் அந்த மீன்பிடி லைசென்ஸ் பக்கத்தை முழுதாக வாசித்திருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த நாட்களில் நான் எதையுமே முழுதாக வாசிப்பதில்லை.

அவர் ஒன்ராறியோவின் ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் மாடியிலேயே, எங்கள் கதவுக்கு எதிர்க் கதவில் இருப்பவர். பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடமாக மெஷின் ஓட்டுகிறார். காலை ஐந்தரைக்கு அவர் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். மூன்று மணிக்குத் திரும்பி வருவார். வலது தோள் சரியில்லாததால் சாவியை இடது கையால்தான் திருப்புவார். அதிகம் கதைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆள். பூசை முடிந்ததும் சப்பாத்தை மாற்றிக்கொண்டு, மாக்கஸ் அங்கிளின் காரில் ஏறி, ஏரிக்கரைக்குப் போய்த் தூண்டில் போடுவார். மே மாதத்திலிருந்து குளிர் வரும்வரை இதில் மாற்றமில்லை. ஒரு கலியாண வீட்டுக்குப் போக வேண்டி வந்த ஞாயிறன்று முழு நாளும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார் என்று அவர் மனைவி பேபி அன்ரி சொல்லிச் சிரிப்பார்.

மாக்கஸ் அங்கிள் அவருடைய ஊர்க்காரர். இருவருக்கும் ஒரே வருடம், ஒரே கோயிலில் ஞானஸ்நானம். ஆனால் மாக்கஸ் அங்கிள் பென்ஷன் எடுத்துவிட்டார். அல்பேட் அங்கிள் இன்னும் வேலைக்குப் போனார். அது ஏன் என்று நான் கேட்டதே இல்லை. பெரியவர்களின் காசு விஷயம் என்று நினைத்தேன்.

போன வருடம் மார்ச்சில் பேபி அன்ரி ஒரு கேக் செய்து எங்களையும் கூப்பிட்டார். கேக்கின் மேல் ஆறு, ஐந்து என்று இரண்டு மெழுகுதிரி. அப்போது மாக்கஸ் அங்கிள் சொன்னார்:

"இனி இவரும் சீனியர். போன வருசக் கடைசியிலை நான் ஃப்ரீயா மீன் பிடிக்க, இந்தப் பெடியன்தான் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு பக்கத்திலை இருந்தவர்."

"லைசென்ஸ் இல்லாமலே நீர் என்னத்தைப் பிடிச்சனீர்? பச்சைப் பாசியும் ஒரு பழைய சப்பாத்தும்தானே," என்றார் அல்பேட் அங்கிள்.

எல்லோரும் சிரித்தோம். அவர் மெழுகுதிரியை ஊதினார். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. ஒரு வயதை எட்டியதற்கு இவ்வளவு பெருமையா என்று நான் நினைத்தேன்.

ஏப்ரலில் அவர் எங்கள் கதவைத் தட்டினார். அவருடைய பழைய மூன்று வருட லைசென்ஸ் டிசம்பரோடு முடிந்திருந்தது. முன்பு அவர் மகள்தான் இணையத்தில் எடுத்துக் கொடுப்பார். மகள் இப்போது கல்கரியில். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. ஒரு துணிக்கடையில் மூன்று கிழமை வேலை செய்துவிட்டு விட்டிருந்தேன். அதனால் இப்படியான வேலைகளுக்கு எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள்.

"பிள்ளை சிவானி, உந்த மீன் லைசென்ஸ் இப்ப என்ன விலை, ஆருக்கு வேணும் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும்."

நின்றபடியே போனில் பார்த்தேன். முதலில் ஒரு கார்ட் எடுக்க வேண்டும், எட்டரை டொலர் சொச்சம், மூன்று வருடம் செல்லும். அதற்கு மேல் லைசென்ஸ். நிறைய மீன் வைத்திருக்க விரும்பினால் வருடத்துக்கு இருபத்தாறரை சொச்சம். கொஞ்சம் போதும் என்றால் பதினைந்து. இதெல்லாம் பதினெட்டிலிருந்து அறுபத்து நாலு வரை.

"அறுபத்தைஞ்சுக்கு?"

"அறுபத்தைஞ்சும் அதுக்கு மேலையும் எண்டால் கனேடியன்ஸுக்குத் தேவையில்லை அங்கிள். யூ ஆர் ஃப்ரீ."

"வடிவாப் பாத்தனீரோ?"

"ஓம் அங்கிள், இஞ்சை கிளியராப் போட்டிருக்கு."

அடுத்த வரியும் அங்கேயே இருந்தது. பிறந்த திகதி உள்ள அரசாங்க அடையாள அட்டை ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும், அதுவே லைசென்ஸாகக் கருதப்படும் என்ற வரி. என் கண் அதில் பட்டது என்றுகூட நினைக்கிறேன். எனக்கு ஒரு நண்பியின் மெசேஜ் வந்திருந்தது. போனில் அதற்கு மாறிவிட்டேன்.

அவர், "அப்ப சரி. வாழ்க்கையிலை ஒரு இடத்திலையாவது என்ரை வயசு செல்லுபடியாகுது," என்றார். அந்தப் பேச்சை நான் பகிடி என்றே எடுத்தேன்.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு நானும் அவர்களோடு போனேன். வீட்டிலிருந்தால் அம்மா மறுபடி கல்லூரி பற்றிக் கேட்பார் என்பதுதான் காரணம். ஸ்காபரோவின் மண்மேட்டுக்குக் கீழே, படகுகள் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில், கற்களுக்கு நடுவே அவர்கள் மடக்குக் கதிரைகளைப் போட்டார்கள். அவ்வளவு இலேசாக அல்பேட் அங்கிளை நான் பார்த்ததில்லை. புழுவைக் கொளுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பேர்ச் மீன்கள் பட்டன. மாக்கஸ் அங்கிளுக்கு ஒன்றுமில்லை.

"மீனுக்கும் தெரியுது, ஆர் புதுச் சீனியர் எண்டு," என்றார் அல்பேட் அங்கிள்.

அப்போதுதான் மீன்பிடிப்பைக் கண்காணிக்கும் ஒரு அதிகாரி வந்தார். பச்சைச் சீருடை போட்ட ஒரு இளம் பெண். மரியாதையாகத்தான் லைசென்ஸ் கேட்டார். மாக்கஸ் அங்கிள் தன் சாரதி அட்டையைக் காட்டினார். அவர் பார்த்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு அல்பேட் அங்கிளிடம் திரும்பினார்.

"எனக்கு அறுபத்தைந்து. லைசென்ஸ் தேவையில்லை," என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறந்த திகதி என்ன என்று அதிகாரி கேட்டார். அவர் யோசிக்கவில்லை. ஐம்பத்தொன்பதாம் ஆண்டு மார்ச் என்று நாளோடு சொன்னார். பிறகுதான் அதிகாரி அடையாள அட்டை கேட்டார்.

அந்தக் கணத்தில் அவர் முகத்திலிருந்த எல்லாம் போய்விட்டது. பையைத் தடவினார். மற்றப் பையைத் தடவினார். இருக்கிறது என்று தெரிந்தும் தேடுகிற ஒருவரைப் போல. கடைசியில் சாரதி அட்டையை எடுத்து நீட்டினார்.

அதிகாரி அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இதில் அறுபத்திரண்டாம் ஆண்டு என்று இருக்கிறதே, இதன்படி உங்களுக்கு அறுபத்திரண்டு வயதுதான். எது சரி என்று கேட்டார்.

மாக்கஸ் அங்கிள் கதிரையிலிருந்து பாதி எழும்பினார். "ஒஃபிஸர், நானும் இவரும் ஒரே..."

"மாக்கஸ், வாயை மூடும்," என்றார் அல்பேட் அங்கிள் தமிழில். அவர் யாரோடும் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. பிறகு அதிகாரியைப் பார்த்து மெல்ல ஆங்கிலத்தில் சொன்னார்: "அட்டைதான் சரி. நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்."

லைசென்ஸ் தேவையில்லை என்று யார் சொன்னது என்று அதிகாரி கேட்டார். அங்கிள் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் நாலடி தள்ளி, கல்லின்மேல், போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். "யாரும் சொல்லவில்லை. நானே நினைத்தேன்," என்றார்.

நான்தான் சொன்னேன் என்று நான் சொல்லியிருக்கலாம். தண்டம் குறைந்திருக்காது. ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

அதிகாரி கடுமையானவர் அல்ல. பிழையான திகதி சொன்னதைத் தான் எழுதவில்லை, லைசென்ஸ் இல்லாமல் பிடித்ததற்கு மட்டும்தான் தண்ட டிக்கெட் என்றார். அடுத்த முறை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். மூன்று மீனையும் எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் காருக்குள்தான் அந்த மற்ற வயதைப் பற்றி அறிந்தேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ற் கொடுத்த, வேறொருவனின் பாஸ்போட்டில் இருந்தவன் இவரைவிட மூன்று வயது இளையவன். எயர்போட்டில் பயத்தில் அந்தத் திகதியையே சொல்லியிருக்கிறார். அகதிக் கோரிக்கையிலும் அதுவே போனது. பிறகு மாற்றக் கேட்டால் பொய்க்காரன் என்று வழக்கை மூடிவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். சிட்டிசன்ஷிப் கிடைத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அதனால் மாக்கஸ் அங்கிள் வீட்டிலிருக்க, இவர் பென்ஷனுக்காக இன்னும் மூன்று வருடம் அந்த மெஷினுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

"முப்பத்தைஞ்சு வருசம் ஒரு ஒஃபிஸருக்கும் வாய் தவறேல்லை," என்றார் அவர், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "மூண்டு மீனுக்காகச் சொல்லிப்போட்டன்."

"அங்கிள், அவை மீன் ஆக்கள். இமிகிரேஷனுக்குச் சொல்ல மாட்டினம்," என்றேன்.

"நீர் இஞ்சை பிறந்தனீர், பிள்ளை. உமக்கு உது விளங்காது."

கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

தண்டத்தை அடுத்த நாளே கட்டிவிட்டார். பிறகு ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் கீழே தபால் பெட்டிக்கு முன்னால் நிற்பதைக் கண்டேன். அரசாங்கத்தின் மண்ணிறக் கவர் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்ப்பாராம். ஒன்றும் வரவில்லை. ஞாயிறுகளில் மாக்கஸ் அங்கிள் ஹோர்ன் அடித்துப் பார்ப்பார். இவர் தோள் நோகுது என்று சொல்லி அனுப்புவார். தூண்டில் தடிகளை உடுப்பு அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டதாக பேபி அன்ரி சொன்னார். சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்:

"பிள்ளை, நீர் அண்டைக்கு அதை முழுக்க வாசிச்சனீரோ?"

"இல்லை அன்ரி."

 அன்ரி கையிலிருந்த துவாயை இரண்டாக மடித்தார், பிறகு நாலாக மடித்தார். அடையாள அட்டை என்ற சொல்லை நான் வாசித்திருந்தால், அங்கிள் அப்போதே பேசாமல் முப்பத்தைந்து டொலரைக் கட்டி லைசென்ஸ் எடுத்திருப்பார். முன்பும் அப்படித்தானே எடுத்தார்.

ஜூனில் ஒரு வழி கிடைத்தது என்று நினைத்தேன். தந்தையர் தினம் வரும் சனி, ஞாயிறு ஒன்ராறியோவில் கனேடியர் எவரும் லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம். வயதுக் கணக்கே இல்லை. மாக்கஸ் அங்கிளுக்குப் போன் பண்ணி வரச் சொல்லிவிட்டு, ஞாயிறு பூசை முடிந்து அல்பேட் அங்கிளும் அன்ரியும் வந்ததும் எதிர்க் கதவைத் தட்டினேன்.

"எவருக்கும் வேண்டாமோ?" என்று அல்பேட் அங்கிள் கேட்டார்.

"எவருக்கும் வேண்டாம் அங்கிள். பதினெட்டோ எண்பதோ, எல்லாரும் ஒண்டுதான்."

அவர் உள்ளே போய்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். அலுமாரி இழுபடும் சத்தமும் கேட்டது. பேபி அன்ரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னிடம் சிரித்தார். தடிகளோடு வாசலுக்கு வந்தவர் சப்பாத்துக்குக் குனிந்து, பிறகு நிமிர்ந்தார்.

"மிச்சத்தையும் வாசியும், பிள்ளை."

இந்த முறை நான் முழுதாக வாசித்திருந்தேன். அதனால்தான் என் குரல் இறங்கியது. "குறைஞ்ச அளவு மீன்தான் வைச்சிருக்கலாம். பேரும் பிறந்த திகதியும் உள்ள அரசாங்க அடையாள அட்டை ஒண்டு கையிலை இருக்க வேணும்."

அவர் தலையாட்டினார்.

"ஆனா அது சும்மா ஒரு ரூல் அங்கிள். கேட்டால் கார்டிலை இருக்கிற திகதியைச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"அதைத்தானே பிள்ளை சொல்லுறன். வேலையிலை, பாங்கிலை, ஆஸ்பத்திரியிலை, எல்லா இடமும் அதைத்தான் சொல்லுறன்." தடிகளைச் சுவரில் சாய்த்தார். "அந்தத் தண்ணிக்கரையிலை நிக்கேக்கை எண்டாலும் எனக்கு அறுபத்தைஞ்சாய் இருக்கவேணும் போலை இருந்தது. திருப்பி அங்கை போய் நிண்டு, அந்தப் பெட்டைக்கு முன்னாலை அறுபத்திரண்டு எண்டு சொல்ல எனக்கு ஏலாது."

தொப்பியைக் கழற்றி ஆணியில் கொளுவினார். நாளை ஐந்தரைக்கு வேலைக்கு இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கீழிருந்து ஹோர்ன் சத்தம் வந்தது. நான்தான் லிஃப்டில் இறங்கிப் போனேன். மாக்கஸ் அங்கிளின் காரின் பின்பக்கம் திறந்திருந்தது. உள்ளே இரண்டு மடக்குக் கதிரைகள், ஒரு ஐஸ் பெட்டி.

"எங்கை ஆள்?"

"வரேல்லையாம் அங்கிள்."

"ஏன்? இண்டைக்கு லைசென்ஸ் வேண்டாமெண்டு நீதானே போனிலை சொன்னாய்."

"ஓம் அங்கிள். வேண்டாம்."

"பின்னை?"

 அவர் எங்கள் மாடி யன்னலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காரின் பின்கதவைச் சாத்திவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார். கனநேரம் காரை எடுக்கவில்லை.