தரைப்பாலத்தில் மூன்று பேர்

செல்வி வந்து பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும் தேர்வறை முழுக்க நெத்திலி வாடை எழுந்தது. ஈரக் கூடையும் ஐஸும் உப்பும் கலந்த அந்த வாடை ஜன்னல் வழியே வந்த மழைக்காற்றில் இன்னும் கனத்தது. விடியும் முன்பே குப்பத்திலிருந்து மீன் கூடையை மொபெட்டில் கட்டி எடுத்துவந்து, செங்கல்பட்டு மார்க்கெட்டில் அம்மாவிடம் இறக்கிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு நேராகப் பரீட்சைக்கு வந்திருந்தாள். கண்காணிப்பாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது இன்னா மீன் மார்க்கெட்டா? போய்க் கடைசி பெஞ்சுல உக்காரும்மா" என்றார். "என் நம்பர் இங்கதான் சார் கீது" என்று சொல்லிவிட்டுச் செல்வி பேனா மூடியைக் கழற்றினாள். எழுந்திருக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், பத்தாம் வகுப்புத் தமிழ் இரண்டாம் தாளுக்காக நாங்கள் மூன்று பேர் செங்கல்பட்டுக்குப் போயிருந்தோம். ஊரில் அதை "அக்டோபர் அட்டெம்ப்ட்" என்பார்கள். சொல்லும்போதே உதட்டைச் சுழிப்பார்கள். ஜீனத்துக்கு மார்ச்சில் அம்மை போட்டிருந்ததால் அந்தத் தாளை எழுதவே முடியவில்லை. செல்விக்குப் படிக்க நேரமில்லை. எனக்கு அப்படிக் காரணம் எதுவும் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, கடலோர அணு ஆராய்ச்சிக் குடியிருப்பில் குவார்ட்டர்ஸ் வாங்கி, நாள் தவறாமல் மூன்று தமிழ்ப் பத்திரிகை படித்த என் அப்பாவுக்கு, தமிழிலேயே தோற்ற மகள் என்பது ஆபீஸில் சொல்ல முடியாத செய்தியாகிவிட்டது. "'இன்னா', 'கீது'ன்னு பேசுத வாயில தமிழ் எப்படிட்டீ வரும்?" என்று கேட்டு, என் தோல்விக்கான முழுப் பழியையும் என் தோழிகளின் தலையில் போட்டார்.

ஜீனத்தின் அத்தா புதுப்பட்டினம் கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருந்தார். அம்மையோடு அவளுடைய படிப்பு நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து அனுமதி வாங்கினாள். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது: பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும், அவளைத் தேடி யாரும் அலையக் கூடாது.

மணி ஒன்றுக்குத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கேட்டருகே குடையோடு நின்ற அதே கண்காணிப்பாளர், "திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால தரைப்பாலத்து மேல தண்ணி போவுது, பஸ்ஸெல்லாம் நின்னுபோச்சு. வூட்டு ஆம்பளைங்க யாராவது வந்து கூட்டினு போனாத்தான் பொண்ணுங்கள வெளிய வுடுவேன்" என்று அறிவித்தார். அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதே ஊர்களுக்குப் போக வேண்டிய பையன்கள் அவரைத் தாண்டி, தலையில் பரீட்சை அட்டையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஜீனத்தின் முகம் வெளுத்தது. பிறகு இறுகியது. "எங்கத்தா கடைய மூடிட்டு இங்க வந்தாருன்னா அதோட என் படிப்பு முடிஞ்சுதுடி" என்றாள். செல்வி சாவியை எடுத்துக் காட்டினாள். "வண்டி பின்னால கீது. வரீங்களா?" நான் அப்பாவை நினைத்தேன், பயந்தேன். ஆனாலும் பின்பக்கக் காம்பவுண்டு வழியாக அவர்களுக்கு முன்னால் நான்தான் குதித்தேன்.

ஐஸ் பெட்டி வைப்பதற்காக ரப்பர் டியூபால் பலகை கட்டியிருந்த அந்த மொபெட்டில், செல்வி ஓட்ட, ஜீனத் நடுவில், நான் கடைசியில். தாவணிகளை இடுப்பில் முடிந்துகொண்டோம். எதிரே வந்த லாரிகள் சேற்றை அள்ளி எங்கள் மேல் வீசிவிட்டுப் போயின. வழியெல்லாம் டீக்கடைகளில் ஒதுங்கி நின்றவர்கள் கத்தினார்கள், விசிலடித்தார்கள். ஜீனத் திரும்பிக் கையாட்டினாள்.

தரைப்பாலத்தில் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றிருந்தன. பழுப்புத் தண்ணீர் சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. "எறங்காதீங்கம்மா! காத்தால ஒரு மாட்டையே அடிச்சினு போச்சு" என்று ஒரு லாரிக்காரர் கூவினார். செல்வி சிறிது நேரம் ஓரத்துக் கற்களைப் பார்த்தபடி நின்றாள். "முட்டிக்குத்தான் கீது. கல்லு தெரியுது. வண்டிய வுட்டுறாதீங்க, அதான் கனம்" என்று சொல்லி இறங்கினாள். மொபெட்டை நடுவில் வைத்து மூன்று பேரும் தள்ளினோம். பாதிக்கு மேல் வந்தபோது என் வலது காலுக்குக் கீழே சாலை இல்லாமல் போனது. இடுப்புவரை இறங்கிவிட்டேன், தண்ணீர் என்னை இழுத்தது. ஜீனத் என் பின்னலைப் பிடித்துச் சுருட்டி, எனக்கு உயிர் போகிற வலி எடுக்க, மேலே தூக்கினாள். எப்போதும் மெல்லப் பேசுகிறவள், அன்று அவள் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அக்கரையில் எஞ்சின் உயிர் பெறவில்லை. செல்வி பிளக்கைக் கழற்றி, ஊதி, நனையாத துணி எதுவும் இல்லாததால் ஒரு டீக்கடைக்காரரிடம் பழைய செய்தித்தாள் வாங்கித் துடைத்து மாட்டினாள். ஆறாவது உதையில் வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது.

வளையல் கடை வாசலில் நாங்கள் இறங்கியபோது அஸருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜீனத் எதையும் மறைக்கவில்லை. "அத்தா, பஸ் இல்ல. தண்ணியில தள்ளினு வந்தோம். பரீட்ச நல்லா எழுதிக்கீறேன்." அவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு ஓட்டுனது?" "நான்தான்" என்றாள் செல்வி. அவர் உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து முதலில் அவளிடம் நீட்டினார். பிறகு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

என் வீட்டில் துண்டு கிடைக்கவில்லை. எங்களைச் சாலையில் பார்த்த யாரோ ஒருவர் அப்பாவின் ஆபீஸுக்குப் போன் செய்திருந்தார். "ஏட்டி, கிறுக்கு பிடிச்சிட்டா உனக்கு? இனி அந்தப் பிள்ளைகளோட சேரக் கூடாது, கேட்டியா?" என்றார். "இன்னாப்பா தப்பு பண்ணேன்?" என்று கேட்டேன். அந்தச் சொல் வாய்தவறித்தான் வந்தது. கன்னத்தில் அறை விழுந்தது. இரண்டாவது முறை, அவர் கண்களைப் பார்த்து, வேண்டுமென்றே சொன்னேன்: "இன்னா தப்பு பண்ணேன்? அவங்களோடதான் சேருவேன்." அப்பா ஓங்கிய கை அப்படியே நின்றது. மறுநாள் நான் செல்வி வீட்டுக்குப் போனபோது அவர் தடுக்கவில்லை.

ஜீனத் தேறினாள், நானும் தேறினேன். செல்விக்கு நான்கு மார்க் குறைந்தது. அவள் மறுபடி எழுதவில்லை. இன்று அவளுக்குச் சொந்தமாக இரண்டு மீன் வண்டிகள் இருக்கின்றன. அந்த நான்கு மார்க்கை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. அவளுக்கு வருவதில்லை.

தரைப்பாலம் இப்போது இல்லை. அந்த இடத்தில் உயரமான பாலம் கட்டிவிட்டார்கள். வெள்ளம் வந்தாலும் காரில் போகிறவர்களுக்குத் தெரியாது. போன மழையில் அதன் மேல் காரை நிறுத்தி, பதினைந்து வயது மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவள் கீழே ஓடும் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் இப்படிப் போனா விடுவியாம்மா?" என்று கேட்டாள்.

"கேட்டா விட மாட்டேன்" என்றேன்.