குழுவைக் கலைத்த வருடம்

எங்கள் நாடகக் குழுவை ஆரம்பித்தவர் திருத்துறைப்பூண்டியில் ஒரு ஒத்திகையின் நடுவே இறந்துபோனார். ஒரு நடிகருக்கு எப்படித் திரும்ப வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்குகிறது என்று பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. நான் அந்தக் குழுவின் மேலாளர். ஊர் ஊராக மண்டபம் பேசுவது, வேன் சொல்வது, போலீஸ் அனுமதி வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. அன்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவர் மனைவிக்கு போன் செய்து சொன்னதும் நான்தான்.

சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுடாதீங்கம்மா" என்றார்கள். விடமாட்டேன் என்று நானும் சொன்னேன்.

அடுத்த வருடம் கலை நிர்வாகிகளுக்கான ஒரு விருதுக்கு விண்ணப்பித்தேன். பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுக்கிற விருது இல்லை அது. தேர்வானவர்களுக்கு, அனுபவமுள்ள ஒரு நிர்வாகியை ஒரு வருடத்துக்கு வழிகாட்டியாகச் சேர்த்துவிடுவார்கள். ஆரம்பித்தவர் இல்லாத குழுவை நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதினேன். கிடைத்துவிட்டது. எங்கள் மூத்த நடிகர், குத்தாலத்துப் பக்கம் குத்தகை நிலத்தில் விவசாயம் செய்கிறவர், ஒத்திகைக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். "இனிமே நமக்குக் கவலையில்லம்மா" என்றார்.

வழிகாட்டி சென்னைக்காரர், என்னைவிடச் சின்னவர். ஒரு நடனக் குழுவைப் பல வருடம் நிர்வகித்தவர். முதலில் போனில் பேசினோம். பிறகு ஒத்திகை பார்க்கவேண்டும் என்று தஞ்சாவூருக்கே வந்தார். மூடிக்கிடந்த ஒரு அரிசி ஆலையின் கிடங்கில்தான் எங்கள் ஒத்திகை. பிற்பகல் முழுக்க அந்த சிமெண்ட் தரையில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு டீக்கடையில் வைத்துக் கேட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு நேரம் பாத்தேன், ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பில்ல. இதை நிறுத்திடலாம்னு உங்களுக்குத் தோணினதே இல்லையா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "நடத்தறதுக்குச் சொல்லிக்குடுங்கன்னுதான் கேட்டேன். நிறுத்தச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அவர் பதிலுக்கு வாதாடவில்லை. "ஒவ்வொருத்தரையும் தனியாப் பாருங்க. எதுக்கு வர்றீங்கன்னு மட்டும் கேளுங்க. வேற எதுவும் பேச வேணாம்" என்றார்.

சில நாட்கள் கோபத்திலேயே கழிந்தன. அப்புறம் எங்கள் நடிகையின் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டுத் திருவாரூரிலிருந்து பஸ் பிடித்து ஒத்திகைக்கு வருகிறவள். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டதும் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்காகத்தான்க்கா வர்றேன். அவரு போனதுலேருந்து நீங்க ஒத்தையாளா இழுத்துக்கிட்டு நிக்கறீங்க. நானும் வராம நின்னுட்டா உடைஞ்சு போயிருவீங்களேன்னுதான்."

குழந்தையை டெங்குவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோதுகூட ஒரு நாள் மேடையேறிவிட்டுப் போனதாகச் சொல்லி அழுதாள். அது எனக்குத் தெரியவே தெரியாது. விளக்கு போடுகிறவரும் வேறு வார்த்தைகளில் இதையேதான் சொன்னார். நான் அவர்களுக்காக நடத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்காக வந்துகொண்டிருந்தார்கள்.

மூத்த நடிகர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "நான் அவருக்காக வர்றேன். உசிரு இருக்குற வரைக்கும் வருவேன். உங்களால முடியலன்னா தள்ளிக்குங்க."

அந்த வாரம் வழிகாட்டியை நானே கூப்பிட்டேன். "நிறுத்தறதுன்னா எப்படி நிறுத்தணும்?"

அவர் சொன்னார். "எல்லாரையும் உட்கார வச்சு ஒரே நேரத்துல நேர்ல சொல்லுங்க. ஒருத்தர் மூலமா இன்னொருத்தருக்குப் போகக் கூடாது. எங்க குழு மூடினது டான்ஸர்களுக்கு வாட்ஸப்புலதான் தெரிஞ்சுது. அதுல ஒரு பொண்ணு இன்னிக்கும் என்னை ரோட்டுல பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்குவா." கடைசி நாடகத்தைக் கடைசி என்று சொல்லியே போடச் சொன்னார். விளக்குகளையும் உடைகளையும் பூட்டி வைக்காமல், பயன்படுத்துகிறவர்களிடம் கொடுக்கச் சொன்னார்.

அவர் சொன்னபடியே எல்லாம் செய்தேன். கடைசி நாடகம் குத்தாலத்தில். நடவு நேரம், அடைமழை வேறு. பாதி நாற்காலி காலி. நாடகம் முடிந்ததும் மூத்த நடிகர் ஓர் ஓரமாக நின்று அரிதாரத்தைத் துடைத்தார். அருகில் போனேன்.

"அவரு அன்னிக்குச் சாகலம்மா. இன்னிக்குத்தான் செத்தாரு" என்றார். மழையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வருடக் கடைசியில் விருது பெற்றவர்கள் எல்லோரையும் சென்னையில் கூட்டினார்கள். ஒருவர் புது அரங்கம் கட்டியதைச் சொன்னார், இன்னொருவர் வெளிநாட்டுப் பயணத்தைச் சொன்னார். என் முறை வந்தபோது, "எங்க குழுவை மூடிட்டேன்" என்றேன். பின்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்தினார்கள். வெளியே வராந்தாவில் வழிகாட்டி நின்றிருந்தார்.

"தூக்கம் வருதா?"

"இல்ல."

"எனக்கும் ரொம்ப நாள் வரல" என்றார். 

விளக்குகள் ஒரு கல்லூரிக்குப் போயின. விளக்கு போட்டவர் துபாய்க்குப் போய்விட்டார். நடிகை எப்போதாவது போன் செய்வாள். குரலில் தெளிவு வந்திருக்கிறது, பேச்சுதான் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நான் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடத்தித் தருகிற ஒரு மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வேன், மாலை, பந்தி, நேரம். பழகிய வேலைதான்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு உறவுக்காரராக மூத்த நடிகர் வந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார். "வாங்கய்யா" என்றேன். அவர் என்னைக் கடந்து போனார். பந்தியில் உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். அடுத்த பந்திக்கு இலை போடச் சொல்லிவிட்டு நான் மணமேடைப் பக்கம் போனேன்.