சுவரில் திரும்பி நின்ற எழுத்துகள்

சுவர்க் காகிதங்களுக்குப் பூவும் கொடியும் வரைவது என் தொழில். ஒரு சதுரம் வரைந்தால் போதும். அதையே அடுக்கிக்கொண்டு போனால் சுவர் நிறைந்துவிடும். ஆனால் ஒரு சதுரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. வலது ஓரத்தில் அறுபட்ட கொடி இடது ஓரத்தில் அதே உயரத்தில் தொடர வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. எங்கள் டிசைன் தலைவருக்கு அது ஆகாது. சதுரத்தைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பிப் பக்கத்தில் ஒட்டிவிடுவார். ஓரங்கள் தானாகப் பொருந்திக்கொள்ளும். இந்தச் சோம்பலுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'கிரியேட்டிவிட்டி'.

டெல்லி துவாரகாவில் ஒரு தமிழர் புதிதாக ஓட்டல் திறந்தார். சுவர் முழுக்கத் தமிழ் எழுத்துகள் வேண்டும் என்றார். கொடிகளுக்கு நடுவே ழ, ட, ற, ஞ, ப என்று வைத்து வரைந்தேன். நான் ஓரங்களைச் சரிசெய்து முடிப்பதற்குள் தலைவர் தன் வித்தையைக் காட்டி அச்சுக்கு அனுப்பிவிட்டார். பாதி எழுத்துகள் வலம் இடமாகத் திரும்பி நின்றன. தப்பித்தது ப மட்டும். கண்ணாடியிலும் அது ப தான்.

போய்ச் சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கௌன் படேகா?" என்றார். யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்கிறார், தமிழ் ஓட்டலின் சுவரைப் பற்றி.

திறப்பு விழாவில் இவர் மானம் போகும் என்று ஆவலோடு போனேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். அந்தச் சுவரின் முன் நின்று செல்ஃபி எடுத்தார்கள். "எவ்ளோ ட்ரெடிஷனலா இருக்கு!" என்றார்கள். ஒருவர்கூட நெற்றியைச் சுருக்கவில்லை.

மத்திய சர்க்காரில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மைக்கைப் பிடித்து, உலகின் மூத்த மொழி நம்முடையது என்று பேசினார். சுவரைக் காட்டி, "தமிழன்னை இங்கே வீற்றிருக்கிறாள்" என்று முடித்தார். கைதட்டல். எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வந்தவரிடம் போனேன்.

"சார், அந்த ழ திரும்பியிருக்கு. ட, ற எல்லாமே. அச்சுல தப்பாயிடுச்சு."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தப்பாம்மா? நான் அதெல்லாம் பழங்கால எழுத்துன்னுல்ல நெனச்சேன்!" என்றார்.

பக்கத்தில் நின்ற ஓட்டல்காரர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நான் சொன்னதை விட்டுவிட்டு அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். "அச்சா, பழங்கால எழுத்தா?" என்று முகம் மலர்ந்து, அடுத்த மேசைக்குப் போய் அதையே விளக்கத் தொடங்கினார்.

சில மாதம் கழித்து குருகிராமில் இன்னொரு கிளை. இந்த முறை நான் முந்திக்கொண்டேன். எல்லா எழுத்தும் நேராக, இணைப்பு எங்கே என்று தேடினாலும் கிடைக்காதபடி வரைந்து அனுப்பினேன். ஓட்டல்காரர் போன் செய்தார்.

"மேடம், இது நல்லாருக்கு. ஆனா அந்தப் பழைய எழுத்து இதுல இல்லையே? கஸ்டமர்ஸுக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"அது பழைய எழுத்து இல்லைங்க. தமிழே இல்லைங்க."

"தேகியே மேடம், இங்க பாருங்க, நீங்க ஆர்ட்டிஸ்ட். மொழியெல்லாம் பெரியவங்க பார்த்துப்பாங்க."

போனைத் தலைவரிடம் நீட்டினேன். அவர் அன்று மதியமே ஒரே சொடுக்கில் முடித்துக் கொடுத்தார். வேலை சுத்தம் என்று ஓட்டல்காரர் பாராட்டினாராம்.