மாலை போட்ட பந்தயக் கார்

நேற்று கந்தர்வக்கோட்டை பஸ் புறப்படும்போது முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பெட்ரோல் புகையும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஒரு வாடை. பக்கத்தில் இருந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கோ எரிச்சல் வந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய எரிச்சல், இன்னும் ஆறவில்லை.

யுத்தத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் முந்திரிக்கொட்டை உடைத்தவர்கள். பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்? ஆனால் ஸ்டுடியோவில் என் ராஜ்ஜியம் பெண்கள் அறையோடு முடிந்தது. ஆண்கள் எதிரே உட்காரக் கூச்சப்படும் பெண்களை, நானும் பெண் என்பதால், நான் படம் எடுப்பேன். கேமராவை வாசலுக்கு வெளியே கொண்டுபோக மட்டும் முதலாளி விடமாட்டார்.

அப்போதுதான் ரத்தினம் கார் வாங்கினார். ரங்கூனில் அரிசி மில் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. இரண்டே பேர் உட்காரும் சிவப்புக் கார், கூரை கிடையாது, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பார்த்தவர்கள், மீதிக் கார் எப்போது வரும் என்று கேட்டார்கள். ரோடு முழுக்க மாட்டுவண்டி என்பதால், ஊருக்கு வெளியே குதிரைப் பந்தய மைதானத்தில் அதன் வேகத்தைச் சோதிப்பதாக ஏற்பாடு. ஓடும்போது எடுத்த படம் வேண்டும் என்று விற்ற கம்பெனி கேட்டிருந்தது.

முதலாளிக்குக் கல்யாணக் கோஷ்டியை நிற்கவைத்து எடுத்துத்தான் பழக்கம். ரத்தினத்திடம், "தம்பி, வேகமா வாங்க, வேணாங்கல. எனக்கு நேரா வந்ததும் கொஞ்சம் ஆடாம இருங்க" என்றார். ரத்தினம் என்னைப் பார்த்தார். கைக்கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பி எடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். தெருவில் போகிற சைக்கிள்களை வைத்துத் திருட்டுத்தனமாகப் பழகியிருந்தேன்.

முதலாளி தாடையைச் சொறிந்தார். "சரி, நீயே எடு. படம் நல்லா வந்தா இனிமே வெளி வேலைக்கும் போ. வராட்டி, பொம்பளைக ரூமோட கெட."

அன்று திங்கட்கிழமை. காலை வெயில் தங்கமாக விழுந்துகொண்டிருந்தது. வீணாகத்தான் விழுந்தது, ராகுகாலம். அது முடிந்தபோது வெளிச்சம் வெளிறிவிட்டது. பிறகு ரத்தினத்தின் ஆத்தா களத்தில் இறங்கினார். காரின் விளக்குகளுக்குச் சந்தனம், மூக்கில் குங்குமம், அதற்கும் மேல் ஆள் உயர மாலை.

"மாலைய எடுத்துறலாங்களா ஆத்தா? கார் முகமே தெரியல."

"ஏ படிச்ச புள்ள, மாப்பிள்ள கழுத்துல இருந்து மாலைய உருவச் சொல்றியே, ஒங்க பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

ரத்தினம் ஆகாயத்தைப் பார்த்தார். நான் என் இடத்துக்குப் போனேன். கார் எந்த இடத்துக்கு வரும்போது எடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்து, லென்ஸை அந்தத் தூரத்துக்குத் திருகி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக வளைவில், பாதை நடுவே சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தேன். முதல் சுற்று ரத்தினம் மெதுவாக வந்தார். கூட்டம் வாய் பிளந்தது. அடுத்தது வேகச் சுற்று. நான் குனிந்து, படம் பதியும் கண்ணாடித் தகட்டைக் கேமராவில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

சொத்தென்று சத்தம் கேட்டு நிமிர்ந்தால், ஆத்தா வட்டத்தின் நடுவே கல்யாணப் பூசணிக்காயைப் போட்டு உடைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வருகிறார்.

"என்னங்க ஆத்தா இது?"

"ஊருக் கண்ணு பூரா எம்புள்ள மேல. திஷ்டி கழிக்க எடம் தேடுனேன். நீயே கோலம் போட்டு வச்சிருந்த. வெவரமான புள்ளதான்."

அதற்குள் கார் வந்துவிட்டது. கையை வீசிக் கத்தினேன். இன்ஜின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? முன் சக்கரம் பூசணியில் ஏற, கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போயிற்று. என் கை தானாகவே காரோடு திரும்பி விசையை அழுத்தியது. மூங்கில் வேலியை முறித்துக்கொண்டு கார் நின்றது. ரத்தினம் சிராய்ப்போடு எழுந்து சிரித்தார். ஆத்தா ஓடிப்போய் அவர் தலையைத் தடவிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? பூசணிக்கா ஒடைக்கலன்னா என்ன ஆயிருக்கும்?"

நான் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினேன்.

படம் அற்புதமாக வந்திருந்தது. புழுதி சிறகுபோல விரிய, மாலை பின்னால் பறக்க, கார் சாய்ந்து வருகிறது. ரத்தினத்தின் பல் வரிசைகூடத் துல்லியம். அவர் அதைப் பார்த்து விசிலடித்தார். ஆத்தாவோ, "எம்புள்ள சாயுற படம் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார். அவ்வளவு வேகத்துக்குப் பயப்படாத ரத்தினம், அந்த ஒரு வார்த்தைக்கு அடங்கிவிட்டார். மறுநாள் காரைக் கழுவி, புது மாலை போட்டு, அசையாமல் நிறுத்தி முதலாளியே ஒரு படம் எடுத்தார். கம்பெனிக்கும் அதுவே போயிற்று.

"நல்லா வந்தா வெளி வேலைக்கு அனுப்புறேன்னீங்களே" என்றேன்.

"யாருக்கு நல்லா வரணும்? காசு குடுக்குறவுகளுக்குல்ல?" சொல்லிக்கொண்டே என் தகட்டைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் போட்டுத் தேய்த்தார். கறுப்பும் வெள்ளையுமாக என் கார் தொட்டியில் கரைந்தது. அந்த மாதமே வேலையை விட்டேன். இப்போது நான் வாத்தியாரம்மா.

யுத்தத்தில் ரங்கூன் மில் போயிற்று. கார் யாருக்கோ கைமாறியது. மைதானத்தில் கடலை போடுகிறார்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானமே இப்போது இல்லை. ரத்தினம் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட கார் மட்டும் படமாகச் சட்டத்துக்குள் நிற்கிறது. அந்தக் காலத்தில் தகடு எந்த அளவோ படமும் அந்த அளவுதான். அதனால் தேய்த்தெடுத்த என் தகட்டின் கண்ணாடியையே முதலாளி அதற்கு மூடியாகப் போட்டுக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்துப் பொட்டு வைக்கிறார்கள்.