விரதத்தில் சுட்ட பாதாம் பிஸ்கட்

கணவரின் இருதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிய வேண்டுமென்று, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு விரதம் இருந்தேன். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் முட்டையும் கூடாது. அந்த நேரம் பார்த்து அவருக்கு இத்தாலிய பாதாம் பிஸ்கட் வேண்டும். முட்டை சேர்க்காவிட்டால் தொடவும் மாட்டார். முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். ஒரு முறை சுட்டதைத் துண்டு போட்டு, மறுபடி சுடுவதற்காக ஓவன் தட்டில் அடுக்கினேன். உதிர்ந்த துணுக்கு ஒன்றைப் பழக்கதோஷத்தில் வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்கிய பிறகுதான் உறைத்தது.

ஆறியதும் அவர் ஒன்றைக் கடித்தார். "நல்லா மொறுமொறுன்னு இருக்குலா. நீ ருசி பாத்தியா?"

"விரதத்துல எப்படிங்க?" என்றேன்.

"எனக்காக ரொம்பக் கஷ்டப்படுற" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் தண்ணீர்மலைக் கோயிலில் அந்தக் கையால்தான் பால்குடத்தைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். அறுவை சிகிச்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.