தவராசா வீட்டில் மீன் வாங்காத நாள்

எங்கள் தெருமுனையில் புதிதாக ஓர் இலங்கைச் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள். நேற்று மருந்து வாங்கப் போனவன், வறுத்த மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கிற வாசனை மூக்கில் ஏறியதும் சீட்டைச் சட்டைப்பையில் செருகிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். மருந்து எதற்கு என்று கேட்காதீர்கள். வயிற்றுக்குத்தான். பிட்டையும் மீன் குழம்பையும் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் கண் கலங்கியது. உறைப்பு என்று நினைத்துப் பரிமாறிய பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அந்த ருசியை எனக்குப் பழக்கியது திருகோணமலை. எழுபதுகளின் தொடக்கம். தவராசாவும் நானும் சென்னையில் ஒரே விடுதி அறையில் இருந்து படித்தவர்கள். அவன் ஊர் திரும்பித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நான் சரித்திர வாத்தியார் ஆனேன். ‘கோட்டை இருக்கு, கோணேசர் இருக்கு, வெளிக்கிட்டு வா’ என்று எழுதிக்கொண்டே இருப்பான். ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து ரயில். வெளிநாடு போகிறோமே என்று ஒரு கோட்டு வேறு தைத்துக்கொண்டேன். அந்தப் புழுக்கத்தில் கோட்டு! ரயிலில் எதிரே இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஸ்டேஷனில் தவராசா தாடியோடு நின்றான்.

“மச்சான், ஒரு கதை சொல்லவேணும். தம்பி ரவி கடலுக்குப் போனவன், திரும்பி வரேல்லை. வள்ளம் மட்டும் குச்சவெளிப் பக்கம் ஒதுங்கினது. அம்மாவிட்ட ஒண்டும் கேட்டுப்போடாதை.”

“அடப்பாவி, வராதே என்று ஒரு தந்தி அடித்திருக்கலாமே?”

“அம்மா விடேல்லை. ‘என்ன நடந்துபோச்செண்டு அந்தப் பிள்ளையை மறிக்கிறாய்’ எண்டு சண்டை பிடிச்சவ.”

சாவு விழுந்த வீட்டில், அந்தியேட்டி என்கிற முப்பத்தோராம் நாள் கிரியை முடியும் வரை அவர்கள் மச்சம் சேர்ப்பதில்லை. மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் மச்சம் என்று பெயர். அந்த அம்மா தினமும் மீன் வாங்கினார். சைக்கிள் மீன்காரனை வாசல் படலையில் நிறுத்தி, தெருவுக்கே கேட்கும்படி பேரம் பேசி வாங்கினார். பாரைக் குழம்பு, சுறா வறை, நண்டு. என் வீட்டில் சாவு இல்லை என்று ஊருக்குச் சொல்லும் சமையல் அது. தவராசா தேங்காய்ப்பால் சொதியை மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவான். இரண்டு பேருக்கும் நடுவில் நான். சாப்பிட்டால் அவனுக்குத் துரோகம், சாப்பிடாவிட்டால் அம்மாவுக்கு.

“சாப்பிடுங்கோ தம்பி. நாணப்படாதேங்கோ. ரவியும் உப்பிடித்தான், கேட்டுக் கேட்டுப் போடவேணும்.”

சாப்பிட்டேன். 

ஊரும் பார்த்தோம். கோட்டைக்குள் மான்கள் மேய்ந்தன. கோணேசர் மலை உச்சியில் நின்று, போர்த்துக்கீசர் கோயிலை இடித்த கதையை அந்த ஊர்க்காரனான அவனுக்கே நான் விளக்கிக்கொண்டிருந்தேன். வாத்தியார் புத்தி. அவன் கீழே கடலைப் பார்த்தபடி, “இதிலை எவ்வளவு ஆழமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது” என்றான். என் போர்த்துக்கீசர்கள் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒரு காலையில், “அம்மா, இவனுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறு காட்டவேணும். நீங்களும் வாங்கோ” என்றான். ஊர்க்காரர்கள் அந்தியேட்டி செய்வதும் அங்கேதான் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? விருந்தாளிக்காக வந்தார்.

சின்னச் சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. நான் ஒரு வாளியை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, ‘ஐயோ’ என்று குதித்தேன். குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், மரத்தடியில் ஒரு குருக்கள் தர்ப்பையும் எள்ளும் பரப்பி வைத்திருக்கிறார். எதிரே ஈர வேட்டியோடு தவராசா. எனக்குக் குளிர் எடுத்தது.

“பேர், நட்சத்திரம் சொல்லும்” என்றார் குருக்கள்.

தவராசா அம்மாவைப் பார்த்தான். வாய் அசைந்தது, பெயர் வரவில்லை.

“ஐயா, நான் இன்னும் வழி பாத்துக்கொண்டிருக்கிறன்” என்றார் அம்மா. சத்தமே போடவில்லை. “எழும்படா.”

எழுந்துவிட்டான். காரில் ஏறித் திரும்பினோம். அம்மாவைக் கூட்டி வருவதற்கு என்னைச் சாக்காக வைத்துக்கொண்டானே என்று அவன் மேல் கோபம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சற்று நேரத்தில் மீன்காரன் மணி அடித்தான். அம்மா படலைக்குப் போகவில்லை. குசினியில் அடுப்பருகே இருந்தபடியே, “இண்டைக்கு வேண்டாம்” என்றார். எங்கள் இருவர் முன்னும் பூசணிக்காய்க் கறியும் பருப்பும் வைத்தார்.

“தம்பி, இண்டைக்கு மரக்கறிதான். குறை நினைக்காதேங்கோ.”

தவராசா சோற்றில் கை வைத்தபடி ஓவென்று அழுதான். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு அவனிடமிருந்து கடிதங்கள் வந்தன. அம்மா போய்ச் சேர்ந்த செய்தியும் வந்தது. கப்பல் நின்றது. கலவரங்கள் வந்தன. துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த தெருவே காலியாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். தவராசா கனடாவில் இருப்பதாக ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். நான் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை.

போன மாதம் கல்லூரிப் பழைய மாணவர்கள் கூடினோம். இறந்துபோனவர்களின் பெயர்களை வாசித்து மௌனமாக நிற்பது வழக்கம். “தவராசாவையும் சேர்த்துவிடலாமா? எத்தனை வருஷமாச்சு” என்றார் வாசிக்கிறவர். நல்ல மனிதர், தப்பாகக் கேட்கவில்லை.

வேண்டாம், நான் இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.