பதில் சொல்லாததற்கு ஒரு சான்றிதழ்

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, அவள் பள்ளியில் மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்தினார்கள். பயிற்சியாளர் சமவெளிக்காரர். கழுத்தில் விசில், காதோரம் மைக். "உங்க பிள்ளைக்குள்ள ஒரு தலைவர் தூங்கிக்கிட்டிருக்கார். எழுப்பறது என் வேலை" என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். அவளைப் பள்ளி பஸ்ஸுக்கு எழுப்பவே எனக்கு அரைமணி நேரம் ஆகும். ஆனாலும் கைதட்டினேன், சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டேன்.

மலைமேல் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதும் ரைட்டர். கடைசி நாள் பயிற்சி அங்கேதான். எட்டு மாணவிகள் தோட்டத்துக்குள் நடக்க வேண்டும். தலைவி முன்னால் போய்க் கைச்சாடையால் வழிநடத்துவாள். யாரும் வாய்திறக்கக் கூடாது. திறந்தால் சான்றிதழ் கிடையாது. தலைவி திரும்பியும் பார்க்கக் கூடாதாம், அது தன்னம்பிக்கைக் குறைவாம். அன்றைய தலைவி என் மகள்.

மூன்று மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. பனி இறங்கினால் எங்கள் பறிப்புப் பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார்கள். மேஸ்திரியம்மா ஒரு குரல் கொடுப்பார். ஒவ்வொருத்தியிடமிருந்தும் பதில் குரல் வந்த பிறகுதான் யாரும் கூடையைத் தூக்குவார்கள். இதற்கு எவரும் முகாம் போட்டதில்லை.

பனிக்குள் கைச்சாடை யார் கண்ணுக்குத் தெரியும்? ஏழு பேர் நின்றுவிட்டார்கள். தலைவி திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள். ஏழு பேரை நான் இருந்த எஸ்டேட் ஆபீசுக்குக் கூட்டிவந்த பயிற்சியாளர், "பதறாதீங்க மேடம், இதுவும் ஒரு கற்றல் அனுபவம்" என்றார்.

மேஸ்திரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க சார், அந்த விசிலு அழகுக்குங்களா? எடுத்து ஊதறதுதானுங்களே!"

"இது மௌனப் பயிற்சிங்க…"

"அப்ப நீங்க மௌனமா இருங்க. ரைட்டரம்மா, வாங்க போலாம்."

கீழ்ச்சரிவில் கைவிடப்பட்ட ஒரு கல்குழி இருக்கிறது. நடக்கும்போது எனக்கு அது ஒன்றுதான் நினைவில் இருந்தது. பறிப்புப் பெண்கள் வரிசைக்கு வரிசை "கண்ணூ… சாமீ…" என்று கூவினார்கள். நான் அவள் பெயரைச் சொல்லித் தொண்டை கட்டும்வரை கத்தினேன். இலைகளில் இருந்து நீர் சொட்டும் சத்தம் தவிர ஒன்றுமில்லை.

குழிக்குப் பத்தடி முன்னால், ஒரு சவுக்கு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனதும் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

"பேசு சாமி. நீ பேசினா உள்ள இருக்கற தலைவரு செத்தா போயிருவாரு?" என்றார் மேஸ்திரியம்மா.

மகள் மெல்லச் சொன்னாள்: "நீ கூப்பிட்டது கேட்டுச்சும்மா. மொதல்ல இருந்தே கேட்டுச்சு. பேசினா சர்டிபிகேட் போயிருமேன்னு…"

சர்டிபிகேட் வந்தது. சிறந்த தலைவி என்று போட்டிருந்தது. பயிற்சிக்குப் பலன் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். பெற்றவள் கதறும்போது பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்க ஒரு பெண்ணுக்கு மூன்றே நாளில் கற்றுக்கொடுத்துவிட்டார்களே.

இப்போதும் அவளைக் கூப்பிட்டு உடனே பதில் வராவிட்டால், அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குப் போய்ப் பார்க்கிறேன். "இங்கதாம்மா இருக்கறேன், நொம்பப் பண்ணாத" என்று எரிந்துவிழுகிறாள். விழட்டும்.